எழுநூற்று இருபத்தொன்பது புள்ளி ஐந்து

15 ஜூன் 1987

இன்று நாற்பத்தோரு கேஸ் ஷீட்டுக்கு எண் போட்டேன். அதில் பதினாலு கால் வலி. பம்மல் தோல் ஷெட்டுகளில் நாளெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றால் கால் வலிக்காமல் வேறு என்ன செய்யும்? ஆனால் நம் டாக்டர்களுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதக் கை வராது. 'கால் வலி. மாத்திரை. ஒரு வாரம் கழித்து வரவும்.' எந்தக் கால், குதிகாலா, உள்ளங்காலா, எத்தனை நாளாக என்பதையெல்லாம் ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்துகொண்டு இந்தத் தனக்கோடி ஜோசியம் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதிதாக வந்திருக்கிற டாக்டர் ராஜகோபாலனுக்கு மூன்று ஷீட்டைத் திருப்பி அனுப்பினேன். "என்னம்மா, எனக்கே இம்போசிஷனா?" என்று கேட்டுவிட்டு, உட்கார்ந்து ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். தேறுவார் போலிருக்கிறது.

ரெக்கார்டு ரூமுக்கு வந்திருக்கிற புதுப் பெண்ணுக்கு இன்று பாடம் எடுத்தேன். தலையணை மாதிரி இருக்கிற அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் இருக்கிறது. ஷீட்டைப் படித்து, மூலையில் இருக்கிற கட்டத்தில் எண்ணை எழுத வேண்டும். பிறகு அந்த எண்ணுக்குரிய அட்டையில் நோயாளியின் பெயரை ஏற்ற வேண்டும். நாளைக்கு எந்த டாக்டர் வந்து "இந்த நோய் எத்தனை பேருக்கு, யார் யாருக்கு?" என்று கேட்டாலும் அட்டைதான் பதில் சொல்லும். முதல் விதியையும் சொல்லிக் கொடுத்தேன்: காரணம் தெரிந்துவிட்டால் அறிகுறிக்கு எண் போடக் கூடாது. காரணம் தெரியாத வெறும் கால் வலிக்குத்தான் 729.5. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

"இந்த ஆஸ்பத்திரியின் ஞாபகசக்தி என் மேஜையில் இருக்கிறது" என்று வீட்டில் இவரிடம் சொன்னேன். "ரேஷன் கார்டை எங்கே வைத்தாய்?" என்று கேட்கிறார்.

2 ஜூலை 1987

வியாழக்கிழமை, தோல் பிரிவு நாள். சாயங்காலம் கட்டைப் பிரித்தால் நாலாவது ஷீட் குப்புராஜுடையது. எங்கள் அஸ்தினாபுரத்துத் தெருவில் அடிபம்புக்கு எதிர்வீடு. பம்மலில் தோல் வேலை. சரசுவின் புருஷன்.

டாக்டர் ராஜகோபாலன் நான் சொன்னபடியே விவரமாக எழுதியிருக்கிறார். இடது பாதத்தில் இரண்டு மாதமாக எரிச்சலுடன் வலி. கணுக்காலின் உட்புறம் நரம்பு தடித்திருக்கிறது. உள்ளங்காலில் உணர்ச்சி குறைவு. முதுகில் மூன்று தேமல். கீழே தொழுநோய் என்று எழுதி அடியில் இரண்டு கோடு.

அந்தப் பெயரை நாங்கள் ரெக்கார்டு ரூமில் வாயால் சொல்வதில்லை. எண் 030. அதனால் 'முப்பது' என்போம். "இன்றைக்கு எத்தனை முப்பது?" "மூன்று முப்பது." முப்பது அட்டையில் பேர் ஏறினால், அது மாதாமாதம் ஐசக் அண்ணன் கைக்குப் போகிற லிஸ்டில் ஏறும். மருந்துக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் வீட்டுக்கு அவர் சைக்கிளில் போய்க் கூட்டி வருவார்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

3 ஜூலை 1987

பதினொரு மணிக்கு ரெக்கார்டு ரூம் ஜன்னலில் சரசு. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உன்னாண்ட ஒண்ணு கேக்கணும். கோச்சுக்கக் கூடாது. அந்த சைக்கிள்காரர் வூட்டாண்ட வந்து நின்னா தெருவே தெரிஞ்சிகினு பூடும்க்கா. அம்மணிக்குத் தையில கல்யாணம் பேசிகினு கீறோம். மாப்ள வூட்டு காதுல இது வுழுந்தா அவ்ளோதான். அடிபம்புல எங்க கொடத்தைக்கூட வெக்க உடமாட்டாங்க. அந்த லிஸ்டுல மட்டும் இவரு பேர எழுதாதக்கா. மாத்திரைக்கு மாசாமாசம் நாங்களே வந்துடறோம். மெய்யாலும்."

அம்மணி குப்புராஜின் தங்கை. பத்தொன்பது வயது. இது அந்த வீட்டுக்கு வந்த மூன்றாவது வரன்.

"அதெல்லாம் என் கையில் இல்லை சரசு" என்றேன். பொய். என் கையில் மட்டும்தான் இருக்கிறது.

4 ஜூலை 1987

போட்டுவிட்டேன். 729.5.

இதில் பொய் என்ன இருக்கிறது? வலி இருக்கிறது. டாக்டரே எழுதியிருக்கிறார். ஷீட்டில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. மூலைக் கட்டத்தில் ஒரு எண், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தை இதுவரை எந்த டாக்டர் பார்த்திருக்கிறார்?

விதி எனக்குத் தெரியும். எனக்கா தெரியாது!

19 ஜூலை 1987

ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்புராஜ் வீட்டுக்கு வந்து ஒரு ஜோடி செருப்பு கொடுத்தார். அவர் கூட வேலை செய்கிறவர் தைத்ததாம். நல்ல பழுப்புத் தோல், உள்ளே மெத்தென்று இருக்கிறது. என் அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வாசல்ல உட்டுட்டுப் போன செருப்ப சரசு ஜாண் போட்டு அளந்துகினு வந்துச்சுக்கா" என்று சிரித்தார்.

இவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன விசேஷம்?" என்றார். "நல்ல மனசு இருந்தால் நாலு பேர் செய்வார்கள்" என்றேன். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது.

இப்போதெல்லாம் அடிபம்பில் சரசு தன் குடத்தை எடுத்துவிட்டு என் குடத்தை வைக்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். ரொம்பச் சத்தமாகச் சொல்வதில்லை.

10 செப்டம்பர் 1987

சரசு யாரிடமோ ஊதியிருக்கிறாள். இன்று பம்மலிலிருந்து ஒரு அம்மாள் ஜன்னலுக்கு வந்து, "தனக்கோடி அம்மா நீங்கதான?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மகனுக்கு. அதே கதை, அதே அழுகை. ஆஸ்பத்திரியில் டாக்டரைக்கூட யாரும் இப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

729.5.

22 டிசம்பர் 1987

இதோடு ஐந்தோ ஆறோ. எண்ணிக்கொண்டிருக்கவில்லை. ஒருத்தி வாழைப்பழம் கொண்டு வந்தாள். கேக் கொண்டுவருவதாக ஒரு பிள்ளையின் அம்மா சொல்லியிருக்கிறாள். அதெல்லாம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை.

கும்பிடுவதை மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை.

27 ஜனவரி 1988

அம்மணி கல்யாணம் நன்றாக நடந்தது. மாப்பிள்ளை தாம்பரத்தில் சைக்கிள் கடை. குப்புராஜ் பட்டுக் கரை வேட்டியில் ஓடி ஓடி வேலை செய்தார். என்னைப் பார்த்ததும் வந்து, "அக்கா, நீ சொன்னா நம்ப மாட்ட. வலியே பூடுச்சு! நாலு மாசம் மாத்திர தின்னேன். அப்புறம் இன்னாத்துக்கு? உட்டுட்டேன். காலு பஞ்சு மாதிரி கீது" என்றார். வாசல் பக்கம் திரும்பி ஒரு குதி குதித்துக் காட்டினார்.

எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஒரு குடும்பம் தலை நிமிர்ந்து நிற்கிறது. ஒரு எண் செய்த வேலை.

ஒரு வேடிக்கை. சாப்பாட்டுப் பந்தியை மேற்பார்வை பார்த்துக்கொண்டு குப்புராஜ் மண்டபத்தை இரண்டு சுற்று சுற்றி வந்தார். பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு! இன்னொன்று வாசற்படியிலேயே கழன்று கிடக்கிறது. மனுஷனுக்கு அது தெரியவே இல்லை. "மாப்ள யாருன்னே தெர்ல, செருப்பா தெரியப் போவுது" என்று சரசு சொல்ல, பந்தியே சிரித்தது. நானும் இலையில் பாயசம் சிந்தச் சிரித்தேன்.

3 மே 1988

வெயில். தண்ணீர் இல்லை. அடிபம்பு காற்றை அடிக்கிறது. எழுத ஒன்றும் இல்லை.

16 ஆகஸ்ட் 1988

குப்புராஜை இன்று ஆண்கள் வார்டில் சேர்த்திருக்கிறார்கள்.

இடது பாதம். செருப்பின் அடியில் ஆணி ஏறி இரண்டு நாள் அதோடு நடந்திருக்கிறார். வேலைக்குப் போயிருக்கிறார். சுண்ணாம்புத் தண்ணீரில் நின்றிருக்கிறார். அவருக்குத் தெரியவே இல்லை. நாற்றம் வந்த பிறகுதான் சரசு பார்த்தாளாம்.

தெரியவே இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் செருப்பு கழன்றது தெரியவில்லை. வலி போகவில்லை. உணர்ச்சி போயிருந்தது. நரம்பு செத்திருந்தது. அவர் குதித்துக் காட்டினார், நான் கண் கலங்கினேன்.

ஷீட்டை நான் படித்தேனே. உள்ளங்காலில் உணர்ச்சி குறைவு என்று டாக்டர் எழுதியிருந்ததை நான் படித்தேனே!

18 ஆகஸ்ட் 1988

பழைய ஷீட்டைக் கேட்டு டாக்டர் ராஜகோபாலனே ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார்.

"இது என் எழுத்து. இவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன். மருந்து ஆரம்பிச்சிருக்கேன். அக்டோபருக்கு அப்புறம் ஆளே வரலை. ஏன் யாரும் போய்ப் பாக்கலை? இவர் லிஸ்ட்ல இல்லையா?"

அவர் கட்டைவிரல் சரியாக மூலைக் கட்டத்தின் மேல் இருந்தது. விரலைக் கொஞ்சம் நகர்த்தினால் என் கையெழுத்து தெரியும். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலை சார்" என்றேன்.

ஐசக் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார். என் எதிரிலேயே கேட்டார். "உங்க வேலையே இதுதானே ஐசக்? பத்து மாசமா ஒருத்தர் மருந்துக்கு வரலை. உங்களுக்குத் தெரியலையா?" ஐசக் அண்ணன் யோசித்துப் பார்த்தார். "அந்தப் பேர் ஞாபகம் இல்லையே சார். எங்கயோ என்கிட்ட தப்பிருக்கும்" என்றார். ஒரு வாரத்துக்குள் எழுத்தில் விளக்கம் தர வேண்டுமாம். அவர் வேலை நிரந்தரம் கிடையாது. வருஷா வருஷம் நீட்டிக்கிற வேலை. மூன்று பெண்கள்.

நான் அங்கேயே நின்றுகொண்டு பென்சில் சீவினேன்.

20 ஆகஸ்ட் 1988

பாதி பாதத்தை எடுத்துவிட்டார்கள். இன்னும் மேலே போகாமல் இருந்தால் சரி என்கிறார் டாக்டர்.

வார்டு வாசலில் சரசு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ செஞ்ச ஒதவியால அம்மணி கரையேறிட்டாக்கா. மூணு மாசம் முழுகாம கீறா. இவருக்கு இப்படி ஆனது எங்க நேரம். நீ இல்லனா அதுவும் இல்ல, இதுவும் இல்ல." இன்னும் ஒன்று கேட்டாள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் ஆணி குத்தியது என்று மட்டும் எழுதச் சொல்ல முடியுமா?

கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்னை ஏசியிருக்கலாம். காறித் துப்பியிருக்கலாம். ஏன்டி எனக்கு நன்றி சொல்ற?

21 ஆகஸ்ட் 1988

அந்தச் செருப்பைப் போட முடியவில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை. பரண் மேல் வைத்தேன். இவர் கேட்டதற்குக் கடிக்கிறது என்றேன். "ஒரு வருஷம் போட்ட செருப்பு இப்போது கடிக்குமா?" என்கிறார். இவருக்கு எப்போதும் கேட்கக் கூடாத கேள்விதான் வாயில் வரும்.

23 ஆகஸ்ட் 1988

நாளை மறுநாள் ஐசக் அண்ணன் எழுதிக் கொடுக்க வேண்டிய கெடு.

இன்று வந்து என்னிடமே கேட்டார். "தனக்கோடி, உனக்குத்தான் எழுத்து நல்லா வரும். 'கவனக்குறைவு நேர்ந்துவிட்டது, மன்னிக்கவும்'னு இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிக் குடேன்."

எழுதினேன். ஐயோ, எழுதிக் கொடுத்தேன். ஸ்பெல்லிங் தப்பில்லாமல். அவர் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ மனுஷியாடி?

24 ஆகஸ்ட் 1988

சொல்லிவிட்டேன்.

காலையில் டாக்டர் அறைக்குப் போய் ஷீட்டை மேஜையில் வைத்து மூலைக் கட்டத்தைக் காட்டினேன். "இது நான் போட்ட எண் சார். தெரிந்தே போட்டேன். ஐசக் அண்ணன் லிஸ்டில் இந்தப் பேர் ஏறவே இல்லை." பேனாவைப் பிடித்துக்கொண்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "உங்களைப் பாத்துதான் நான் விவரமா எழுதக் கத்துக்கிட்டேன்" என்றார். அடித்திருக்கலாம்.

பிறகு கேட்டார்: "எத்தனை பேர்?"

நான் குப்புராஜைப் பற்றி மட்டும்தான் சொல்லப் போயிருந்தேன். அதை அந்தக் கேள்வி வந்த பிறகுதான் உணர்ந்தேன்.

"ஏழு, சார்."

"யார் யார்?"

எனக்குப் பேர்கள் ஞாபகம் இல்லை. கும்பிட்ட கைகள்தான் ஞாபகம் இருந்தன. அந்த அம்மாள், வாழைப்பழம் கொண்டுவந்தவள், அழாமல் நின்ற பெரியவர். பேர் தெரியவில்லை. ஆஸ்பத்திரியின் ஞாபகசக்தி!

26 ஆகஸ்ட் 1988

729.5 அட்டைகளில் போன வருஷம் ஜூலையிலிருந்து அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை ஷீட்டையும் எடுத்து, ஒவ்வொன்றையும் பிரித்து, டாக்டர் எழுதியதை வரிக்கு வரி படிக்க வேண்டும். மன்னிப்புக் கடிதத்தைக் கிழித்துப் போட்ட ஐசக் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அடுக்கிக் கொடுக்கிறார். நான் கேட்கவில்லை. அவராகவே வந்து உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

முதல் நாள் நூற்றைம்பது பார்த்தோம். இரண்டு கிடைத்தது.

31 ஆகஸ்ட் 1988

முடிந்தது. எட்டு.

நான் ஏழு என்றேன். எட்டாவது ஷீட்டை எடுத்து எவ்வளவு நேரம் பார்த்தும் அந்த ஆள் முகம் வரவில்லை. யார் வந்து கேட்டார்கள், என்ன சொல்லி அழுதார்கள், ஒன்றும் நினைவில்லை. ஒருவேளை யாருமே கேட்காமல் கை பழக்கத்தில் போட்டேனோ? அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மற்றதெல்லாம் இரக்கம் என்று ஒரு பேராவது சொல்லிக்கொள்ளலாம்.

சாயங்காலம் ஐசக் அண்ணன் டீ வாங்கி வந்தார். அப்போதுதான் பேசினார்.

"ஏன் பண்ணே தனக்கோடி?"

"உங்க சைக்கிள் வாசலில் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்றார்கள், அண்ணா."

அவர் தன் பையை எடுத்து மேஜை மேல் கவிழ்த்தார். மாத்திரைக் கவர்கள். அதோடு ஒரு ஸ்க்ரூடிரைவர், கொஞ்சம் ஒயர், ஒரு பழைய ரேடியோ வால்வு.

"பயப்படுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? பதினோரு வருஷமா இந்த வேலை. சைக்கிளை மாவு மில்லாண்டயே நிறுத்திடுவேன். நான் ரேடியோ ரிப்பேர்காரன். உங்க அஸ்தினாபுரத்துலயே மூணு வீட்டுக்குப் போறேன். எந்த வீடுன்னு உனக்கே தெரியாது, பாத்தியா? சில பேர் நெஜமாவே ரேடியோவத் தூக்கிக் குடுத்துடறாங்க. அதுக்காக அந்த வேலையும் கத்துக்கிட்டேன்."

டீயைக் குடித்து முடித்தார்.

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பெண்கள் அவரைத்தானே கும்பிட்டிருப்பார்கள்.

5 செப்டம்பர் 1988

மெமோ வந்தது. ஆறு மாதத்துக்கு நான் எண் போடக் கூடாது. புதுப் பெண் போடுவாள், நான் ஷீட்டுகளை அடுக்கித் துடைக்க வேண்டும். வேலை போகவில்லை. போயிருந்தால் இவ்வளவு கூசியிருக்காது என்று நினைக்கிறேன்.

புதுப் பெண் இன்று ஒரு ஷீட்டைத் தூக்கி வந்து கேட்டாள். "மேடம், காரணம் தெரிஞ்சா அறிகுறிக்குப் போடக் கூடாதுதானே?"

ஆமாம் என்றேன்.

2 அக்டோபர் 1988

காந்தி ஜெயந்தி விடுமுறை. ஐசக் அண்ணனோடு நானும் கிளம்பினேன். ஒரு மாதமாக அவர் தேடி, எட்டில் ஆறு பேரைத் திரும்பக் கூட்டி வந்துவிட்டார். குப்புராஜ் வார்டிலேயே இருப்பதால் அவரையும் சேர்த்து. மிச்சம் இரண்டு. ஒருவர் கோவளத்துக்கு மீன் ஏலம் எடுக்கிற மாமனார் வீட்டோடு போய்விட்டார். இன்னொருவன் பம்மலிலேயே.

கோவளத்தில் படகு ஓரமாக உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்தார் அந்த ஆள். விரல்கள் இன்னும் நன்றாக இருக்கின்றன. "மருந்த உட்டுட்டா ஏதாச்சும் ஆவுமா?" என்று ஐசக் அண்ணனிடம் கேட்டார். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. நான் கடலைப் பார்த்தேன்.

பம்மல் வீட்டில் கதவைத் திறந்தது அந்த அம்மாள். முதல் முதலாக என்னைக் கும்பிட்டவள். மகன் வேலைக்குப் போயிருக்கிறானாம். நடந்ததைச் சொன்னேன். நான் செய்தது உதவி இல்லை, அவன் மருந்துக்கு வர வேண்டும் என்றேன். கேட்டுவிட்டு, "நீங்க நல்லவங்கன்னு நெனச்சேன்" என்று கதவைச் சாத்திவிட்டாள்.

ஐசக் அண்ணன் அடுத்த வாரமும் வருவதாகக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

14 நவம்பர் 1988

பம்மல் வீட்டுக் கதவு ஏழாவது தடவையில் திறந்ததாம். மகனுக்கு வலது கை இரண்டு விரல் மடங்க ஆரம்பித்திருக்கிறது. மருந்து ஆரம்பித்துவிட்டது. விரல் நேராகுமா என்று நான் கேட்கவில்லை.

சரசுவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. தினமும் அடிபம்பில் பார்க்கிறேன். குடத்தை எடுத்து எனக்கு இடம் விடுகிறாள். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன்.

6 மார்ச் 1989

ஆறு மாதம் முடிந்தது. டாக்டர் புத்தகத்தை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். முதல் ஷீட்டே கால் வலி. மூன்று தடவை படித்துவிட்டு எண் போட்டேன்.

9 ஜூலை 1989

குப்புராஜ் தோல் ஷெட்டில் வாசல் காவலுக்குச் சேர்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்பு ரப்பர் செருப்பு. அதைப் பார்த்தாலே தெரிந்தவர்களுக்குத் தெரியும். தெரு என்னவோ அடிபம்பை யாருக்கும் மறிக்கவில்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் கொஞ்ச நாள் ஒதுங்கிப் போனார்கள், பிறகு தண்ணீர்ப் பஞ்சத்தில் அதுவும் மறந்துவிட்டது. இதற்குத்தானா? இதற்காகத்தானா?

அம்மணி குழந்தையோடு வந்திருந்தாள். மாப்பிள்ளைக்கும் தெரியுமாம். குப்புராஜை சைக்கிளில் உட்கார வைத்து அவர்தான் மருந்துக்குக் கூட்டி வருகிறார்.

8 நவம்பர் 1990

இன்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் இரண்டு மாதம் கழித்து.

பதினொரு மணிக்கு ஜன்னலில் சரசு நின்றாள். கூட ஒரு பெண், முப்பது வயதிருக்கும். பேர் முனியம்மா, சரசுவின் தூரத்து உறவு. தோல் பிரிவிலிருந்து நேராக வருகிறாள், சீட்டு கையில் கசங்கியிருந்தது. பாதத்தில் எரிச்சலாம், குதிகாலில் வலியாம். சீட்டின் அடியில் டாக்டர் எழுதியதை நான் படித்துவிட்டேன்.

"அக்கா, இவ புருஷனாண்ட இன்னும் சொல்லல. எங்க வூட்டுக்காரரு பேருக்குப் பண்ணியே, அதே மாதிரி இவளுக்கும் பண்ணிக் குடு. 'எங்க தெரு அக்கா கீது, தங்கமான மனசு'ன்னு சொல்லி இஸ்துகினு வந்தேன்."

அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நான் எழுந்து வெளியே போய் அந்தக் கையை இறக்கிவிட்டேன். மூன்று பேரும் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தோம். சொன்னேன். லிஸ்டு எதற்கு என்று சொன்னேன். வராதவர்களைத் தேடிப் போவதற்கு. குப்புராஜ் மருந்தை விட்டபோது தேடிப் போக ஆளில்லாமல் போனது என்னால்தான். டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுத் தெரிந்தேதான் அந்த எண்ணைப் போட்டேன். "அவர் பாதம் போனது உங்க நேரம் இல்லை சரசு. நான்."

சரசு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணத்துல செருப்பு கயண்டுச்சே" என்றாள். "ரெண்டு பேரும் சிரிச்சமேக்கா."

"ஆமாம்."

"நான்தான கேட்டேன். ஜன்னலாண்ட வந்து நின்னு நான்தான கேட்டேன்."

அவள் கேட்டாள், எனக்கோ விளைவு தெரியும். தெரிந்தவள்தான் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னேன். அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. முனியம்மாவைத்தான் பார்த்தாள்.

"உன் பேர ஒயுங்கா சொல்லு. அட்ரசையும் ஒயுங்கா சொல்லுடி."

சொல்லிவிட்டு நிற்காமல் கேட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். இனி அடிபம்பில் எனக்காகக் குடத்தை எடுக்க மாட்டாள். எடுக்கக் கூடாது.

நான் முப்பது அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். வருகிறவர் ரேடியோ ரிப்பேர்காரர் மாதிரிதான் வருவார், சைக்கிள் தெருமுனையிலேயே நின்றுவிடும், புருஷனிடம் எப்போது சொல்வது என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம் என்றேன். முனியம்மா பேரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள். கதவு எண்ணைச் சொல்ல வந்து கொஞ்சம் நிறுத்தினாள். பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

எழுதி முடித்து அட்டையை மூடப் போனேன்.

"வாசல்ல நாய் கீது" என்றாள். "அவரு வர்ற அன்னிக்கு கட்டி வெக்கிறேன்னு எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.